வெறும் கசின்

இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள் நான். 'கசின்' என்கிற சின்னச் சொல்லில் தடுக்கி விழுந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? விழுந்தேன். அதுவும் முகம் குப்புற.

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை, அண்ணன் மகள் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். அண்ணன் என்றால் பெரியப்பா மகன். இலஞ்சியில் ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது அவன் குற்றாலத்தில் பழக்கடை வைத்திருக்கிறான், நான் தென்காசியில் இருக்கிறேன். இடையில் பஸ்ஸில் கால் மணி நேரம். பேச்சுவார்த்தை நின்று இருபத்திரண்டு வருஷம்.

"அத்தே, இதப் படிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க. எங்க காலேஜ்ல எல்லாரும் இதத்தான் பேசுதாவ. அப்பாவே ரெண்டு தடவ படிச்சிட்டாவ" என்றாள்.

அவன் படித்தது என்றதும் எனக்குக் கை பரபரத்தது. கல்யாண வீடுகளில் பார்த்துக்கொள்வோம். அவன் தன் மனைவியிடம், அதாவது என் மதினியிடம், "அவள மொதப் பந்தியிலயே உக்காரச் சொல்லு" என்பான். நான் அங்கேயேதான் நிற்பேன். "அண்ணன் சாப்பிடட்டும், நான் பொறவு உக்காருதேன்னு சொல்லுங்க மதினி" என்பேன் நானும். மதினி பாவம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பியே அவளுக்குக் கழுத்து வலிக்கும்.

பழைய சீனச் சரித்திரத்தை வைத்துக் கட்டிய மாயக் கதை அது. நாட்டின் பெயர் கற்பனைதான். ஆனால் பரீட்சை எழுதி அதிகாரியாகிறவர்கள், எல்லையில் நெடுஞ்சுவர், குதிரையேறி வரும் வடக்கத்தி எதிரிகள் என்று எல்லாம் சீனாதான். நாயகி தூரிகையால் 'குதிரை' என்று எழுதினால் தாளிலிருந்து குதிரை எழுந்து ஓடும். சொக்கிப்போனேன். அன்றைக்கு விசில் எண்ண மறந்து பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

அந்த நாயகிக்கு ஒரு கசின். வெள்ளத்தில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பரீட்சைக்குக் கொண்டுபோய் விடுகிறான். தன் பங்குக் கஞ்சியை அவள் கிண்ணத்தில் ஊற்றுகிறான். நம்ம ஊர்க்காரி மனசு எங்கே போகும்? முறைப்பையன் என்று முடிவே கட்டிவிட்டேன். அத்தை மகனாக இருக்கும், இல்லையென்றால் மாமன் மகன். எப்போதடா கல்யாணம் என்று பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.

பாதிக் கதையில் அவன் எதிரி நாட்டுப் பெண்ணை நேசிக்கிறான், ஒளிந்து ஒளிந்து சந்திக்கிறான். நாயகி அதை அப்படியே அரசவையில் போய்ச் சொல்லிவிடுகிறாள். அவனைச் சுவர் கட்டுகிற வேலைக்கு வடக்கே துரத்திவிடுகிறார்கள். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. "முறைப்பொண்ண விட்டுட்டுப் போனேல்லா, நல்லா வேணும்லே ஒனக்கு!" என்று ஆசிரியர் அறையில் வாய்விட்டே சொன்னேன். கணக்கு டீச்சர் திரும்பி, "யாரத் திட்டுதிய?" என்றார்.

அதற்கு இருபது பக்கம் தள்ளிக் குலக்கோயில் வந்தது. முன்னோர் பெயர்களைச் செதுக்கிய பலகையில், ஒரே தாத்தாவுக்குக் கீழே இரண்டு மகன்கள். மூத்தவருடைய மகன் அவன். இளையவருடைய மகள் இவள். அடிப்பாவி! அவன் முறைப்பையனே இல்லை. பெரியப்பா மகன். அண்ணன்!

சீனாக்காரர்களும் நம்மைப்போல இந்த உறவுகளுக்குத் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்களாம். இங்கிலீஷ்தான் எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டது. முதல் பக்கத்திலேயே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? எழுதினவர்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. துவைத்துக் காய்ந்த துணியை எடுத்து மறுபடி வாளியில் முக்கினேன், அவ்வளவு நிலைகொள்ளாமல் இருந்தேன்.

உண்மையில் எரிச்சல் எழுதினவர்மேலும் இல்லை, இங்கிலீஷ்மேலும் இல்லை. சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு கிறிஸ்தவ வீட்டுப் பெண்ணை அண்ணன் விரும்பினான். பழைய அருவிப் பக்கம் இருவரையும் பார்த்துவிட்டு நேரே பெரியப்பாவிடம் போய்க் கோள் சொன்னவள் நான்தான். குடும்ப மானமாவது, மண்ணாங்கட்டியாவது! அதுவரை என்னை நூலகத்துக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தவன், அவளைக் கூட்டிப்போக ஆரம்பித்திருந்தான். அந்தப் பொறாமைதான். ஒரே வாரத்தில் அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. அவனைச் சிவகிரியில் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். முறைப்பையன், முறைப்பையன் என்று நினைத்துக்கொண்டு, நான் செய்ததையே செய்தவளுக்கு இருபது பக்கம் கைதட்டியிருக்கிறேன்.

கடைசியில் அவளுக்குச் சிம்மாசனமே கிடைக்கிறது. அந்த இடத்தை எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்கள் தெரியுமா, அதுதான் வயிற்றெரிச்சல். வடக்கே போனவன் என்ன ஆனான் என்று ஒரு கிழவர் கேட்கிறார். 'அவன் வெறும் கசின்தானே' என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிக்கொள்கிறாள். அந்த வரியில் 'வெறும் கசின்' என்பதைப் பென்சிலால் அடித்துவிட்டு, மேலே தமிழில் 'அண்ணன்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ? மூன்று சுழி 'ண'வை நாலு சுழியாகப் போடுகிறவன் எங்கள் வீட்டில் ஒருவன்தான்.

மறுநாளே பஸ் ஏறினேன். சீசன் கூட்டம், சாரல் வேறு. மதினி வீரகேரளம்புதூருக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கடையில் அவன் மட்டும் மங்குஸ்தான் அடுக்கிக்கொண்டிருந்தான். நடுவில் சொல்லிவிட ஆள் இல்லை. புத்தகத்தைப் பழப்பெட்டிமேல் வைத்தேன்.

"முடிச்சாச்சா?" என்றான், பழத்தைப் பார்த்து.

"முடிச்சாச்சு. முடிவு பிடிக்கல."

"ஏன்?"

"அவ கடைசி வரைக்கும் அண்ணன்ட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேக்கலியே." புத்தகத்தை அவன் பக்கம் நகர்த்தினேன். "நானும் கேக்கல. அன்னைக்குப் பெரியப்பாகிட்ட நான் சொல்லியிருக்கக் கூடாது. பொறாமைலதான் சொன்னேன். தப்பு என்மேலதான்."

ஒரு குடும்பம் வந்து பழம் வாங்கிக்கொண்டு போனது.

"அந்தப் பிள்ள இப்ப எங்கன இருக்கான்னுகூட எனக்குத் தெரியாது" என்றான்.

திரும்பி நடந்தேன். சாரல் மழையாகி முகத்தில் அடித்தது. ரோட்டைப் பாதி தாண்டியிருப்பேன்.

"ஏட்டி!" என்று ஒரு சத்தம். "கொட இல்லாம எங்க போற? உள்ள வந்து நில்லு."

பழத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.