ஆக்கள் போன பிறகு: மகளின் மதிப்பீட்டுக்காக ஹார்ட்ஸ் மலைக்கு

இந்த முறை கோட்டையும் இல்லை, ஏரியும் இல்லை. கடந்த ஒக்டோபரில், இலையுதிர்கால விடுமுறை தொடங்கிய கையோடு, நானும் மகளும் ஜேர்மனியில் நாங்கள் வசிக்கும் பீலெஃபெல்டில் இருந்து ஹார்ட்ஸ் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றுக்குப் போய்வந்தோம். அங்கே சிறுவர் உளநல மருத்துவமனை ஒன்றில் அவளுக்கு இரண்டு நாள் மதிப்பீடு. ஓட்டிசம் (மதியிறுக்கம்) இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கான டெர்மின், அதாவது முன்பதிவு நேரம். இப்படியான பயணத்தைப் பற்றித் தமிழில் தேடிக் களைத்துப்போனதால் நானே எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "என்ர படம் போடாதேங்கோ, பேரையும் மாத்துங்கோ" என்றாள். ஆகவே இங்கே அவள் ஆரணி. பெயர் அவளே தெரிவுசெய்தது. வயது பன்னிரண்டு.

ஆரணி வெளியில் ஒரு கரைச்சலும் தராத பிள்ளை. பள்ளியில் அமைதி, சொந்தக்காரர் மத்தியில் "என்ன வடிவாக் கதைக்கிறாள்" என்ற பெயர். வீட்டுக்கு வந்து கதவு சாத்தியதும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நிலத்தில் படுத்துவிடுவாள். சில நாள் கத்துவாள். சில நாள் தன் கையையே கடிப்பாள். கோடை விடுமுறைக்குப் பிறகு பாதி நாட்கள் பள்ளிக்குப் போகவே இல்லை. இப்படியே போனால் வேறு பள்ளி பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவர்கள் ஓட்டிசம் என்று கண்டுசொன்னால் வகுப்பில் பக்கத்தில் இருக்க ஓர் உதவியாளரைக் கேட்கலாம், சோதனைகளைத் தனியறையில் எழுதலாம். ஒன்றுமில்லை என்று சொன்னால் மிஞ்சுவது சோம்பல் என்ற பட்டம்தான். எங்கள் ஊரில் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்கச் சொன்னார்கள். கேட்ட இடமெல்லாம் பெயரைப் பதிந்து வைத்தோம். கடைசியில் யாரோ வராமல் விட்ட இடம் ஒன்று ஹார்ட்ஸில் கிடைத்தது.

காலை 7.20க்கு ரயில். என் கணவர் ரூபனுக்கு அன்று வேலை மாற்ற முடியவில்லை, மேடைவரை வந்து வழியனுப்பினார். எங்கள் ஆட்களுக்குச் சோதனை என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், உடனே ரியூசன் தொடங்கிவிடும். மனிதர் இரண்டு வாரமாக மேசையில் வைத்து அவளுக்குக் கேள்வியும் பதிலும் சொல்லிக் கொடுத்திருந்தார். ரயில் கதவு மூடும்வரை பாடம் நடந்தது.

"பிள்ளை, முகத்தைப் பாத்துக் கதைக்கோணும். கேட்டதுக்கு ரெண்டு வசனமாவது சொல்லோணும். சிரிச்ச முகமா இரு, என்ன?"

"ஓம் அப்பா."

நானும் சும்மா இருந்தேனா? விடிய எழும்பி மீன் ரோல்ஸ் சுட்டு டப்பாவில் அடைத்துக்கொண்டு போனேன். வெறுங்கையோடு ஓரிடத்துக்குப் போவது எனக்கு ஏலாத காரியம்.

பீலெஃபெல்டில் இருந்து ஹனோவருக்குப் பிராந்திய ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். வேசர் ஆறு மலையைப் பிளந்துகொண்டு போகும் இடத்தில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. வயல்கள் தெரியவில்லை. மின்கம்பங்களின் தலைகள் மட்டும் வெள்ளையில் மிதந்து வந்து போயின. ஆரணி காதுக்கு ஒலியடைப்பான் மாட்டி, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இருந்தாள். நாங்கள் போகிறோமா, ஊர்கள்தான் எங்களைக் கடந்து போகின்றனவா என்று தெரியாத ஒரு நிலை. எனக்கும் கண் சொருகியது. ஹனோவரில் அரைமணி நேரம் ரயில் மாற. கோப்பி 3 யூரோ 40, வாயில் வைக்க முடியாத கசப்பு. அங்கிருந்து கொஸ்லார் வரை இன்னும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பிறகு பஸ்.

பஸ் மேலே ஏற ஏறக் காடு சாம்பல் நிறமாகியது. இலையில்லாத, பட்டையில்லாத ஊசிமரங்கள் சரிவு முழுக்க நின்றபடியே செத்திருந்தன. முன் இருக்கையில் இருந்த ஆரணி ஓட்டுநரிடம், "எரிந்துவிட்டதா?" என்று டொச் மொழியில் கேட்டாள். இல்லை, வறட்சியும் வண்டும் என்றார் அவர். "வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பட்டைக்குள்ளே எல்லாம் நடந்து முடிந்திருக்கும்." அதைச் சொல்லிவிட்டு அவர் வானொலியைக் கூட்டினார்.

மருத்துவமனை பழைய விடுதி போன்ற கட்டடம். பெயரை எழுதமாட்டேன், கேட்கவும் வேண்டாம். மதிப்பீடு செய்தவர் ஓர் உளவியலாளர். அவரை ஃப்ராவ் (திருமதி) பிராண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்தைந்து வயதிருக்கும், மெல்லிய குரல், தடித்த கம்பளிக் காலுறை. ஆரணி எழுந்து கைகொடுத்தாள், பயணம் எப்படி இருந்தது என்று சொன்னாள், டப்பாவைத் திறந்து இரண்டு கையாலும் நீட்டி, "எடுங்கள், அம்மா செய்தது, கொஞ்சம் உறைக்கும்" என்றாள். அவர் ஒன்றை எடுத்துக் கடித்து, கண் கலங்கிச் சிரித்தார். கதவு மூடியது. இரண்டு மணி நேரம் நான் வெளியில். அவ்வப்போது உள்ளே இருந்து ஆரணியின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்தார். "உங்கள் மகள் மிக இனிமையாகப் பழகுகிறாள். பார்வை, உரையாடல், முகபாவம் எல்லாம் நன்றாக இருக்கின்றன. நாளையும் இப்படித்தான் என்றால், ஓட்டிசம் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இருக்காது."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் நொடியில் எனக்குப் பெருமைதான் வந்தது. பிள்ளை சோதனை பாஸ் என்ற பெருமை. வாசலைத் தாண்டியபோதுதான் உறைத்தது. நாங்கள் பாஸ் ஆக்கத்தான் அவளைக் கூட்டி வந்தோமா?

தங்கிய இடம் மருத்துவமனையில் இருந்து 600 மீற்றர், காலைச் சாப்பாட்டோடு ஓர் இரவுக்கு 74 யூரோ. பையை வைத்துவிட்டுப் பின்னால் இருந்த காட்டுப் பாதையில் நடந்தோம். பிற்பகல் மூன்று மணிதான், ஆனால் பனிமூட்டத்தில் நேரமே இல்லை. நீரோடை ஒன்று எங்கேயோ ஓடும் சத்தம், ஓடையைக் காணவில்லை. ஒரு பெரிய கல்லின்மேல் பச்சைப் பாசி, விரல் புதையும் தடிப்பு. ஆரணி அதன் பக்கத்தில் குந்தி, உள்ளங்கையை வைத்து, அப்படியே இருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை, சோகமும் இல்லை. யாருக்காகவும் வைத்திருக்காத ஒரு முகம். மெல்ல ஆடிக்கொண்டு, ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தாள். குளிரில் என் கால் விறைத்தது, கூப்பிட மனம் வரவில்லை. கனவில் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல நின்றேன்.

நெடுநேரம் கழித்து அவளே கேட்டாள். "அம்மா, நான் நல்லாச் செய்தனானோ?"

"நல்லாத்தான் செய்தனி. எப்பிடிச் செய்தனி?"

"வீட்டை ஆக்கள் வந்தா செய்யிற மாதிரித்தான். கண்ணைப் பாக்க ஏலாது, அதால புருவத்துக்கு நடுவில பாப்பன். அவ சிரிச்சா நானும் சிரிப்பன். பிறகு ஒரு கேள்வி கேப்பன். மாமி ஆக்கள் வரேக்க நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்."

"அது உனக்குக் கஷ்டமோ, பிள்ளை?"

"எல்லாருக்கும் கஷ்டம்தானே?" என்றாள், நான் கேட்டதே விசித்திரம் என்பதுபோல.

எங்கள் வீடுகளில் பெல் அடித்தால் போதும். வரவேற்பறை விளக்கு எரியும், பிள்ளைகள் வரிசையாக வருவார்கள், வணக்கம் சொல்வார்கள், தேத்தண்ணீர்த் தட்டு வரும், படிப்பைப் பற்றிக் கேட்டால் பதில் வரும். மற்றப் பிள்ளைகளுக்கு அது பத்து நிமிட நாடகம். இவள் அதை ஒரு மொழி படிப்பதுபோல மனப்பாடம் செய்து, காலையில் இருந்து மாலைவரை, பள்ளியிலும் பஸ்ஸிலும் கடையிலும் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். நிலத்தில் படுப்பது ஏன் என்று அந்தக் கல்லடியில்தான் எனக்கு விளங்கியது. அழுகை வந்தது, பனிமூட்டம் நல்லதாயிற்று.

மறுநாள் காலை ஒன்பதுக்கு, ஆரணியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே, ஃப்ராவ் பிராண்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரூபனின் ரியூசன், மாமி ஆட்கள், புருவத்தின் நடு, ரோல்ஸ் டப்பா உட்பட. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"விருந்தினர் போன பிறகு என்ன நடக்கும்?"

"படுத்துவிடுவாள். இரண்டு மணி நேரம் யாரும் கிட்டப் போக முடியாது."

அவர் ஆரணியின் பக்கம் திரும்பினார். "இன்று என்னை மகிழ்விக்க வேண்டாம். நீ சிரிக்காவிட்டால் எனக்குக் கோபம் வராது. பதில் தெரியாவிட்டால் பேசாமலே இருக்கலாம்."

ஆரணி அசையவில்லை. அவரைப் பார்த்துச் சிரித்தாள், அதே அழகான சிரிப்பு. பிறகு கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள். அனுமதி கேட்கிறாள் என்று எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. வெளியாரின் இடத்தில், வெளியாரின் முன்னால், நல்ல பிள்ளையாக இருக்காதே என்று ஒரு தாய் எப்படிச் சொல்வது? எங்கள் மொழியில் அதற்கு வார்த்தை இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"ஆக்கள் எல்லாரும் போயிட்டினம், பிள்ளை," என்றேன்.

அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்து இறங்கியது. சப்பாத்தைக் கழற்றினாள். கதிரையை யன்னல் பக்கம் திருப்பி, எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டி இருந்தாள். ஃப்ராவ் பிராண்ட் தானும் நிலத்தில் இருந்துகொண்டு கேள்விகளைக் கேட்டார். ஆரணி வெளியே மூட்டத்தைப் பார்த்தபடி, சிலதுக்குப் பதில் சொன்னாள், சிலதை விட்டாள், இடையிடையே முனகினாள். நண்பர்கள் இருக்கிறார்களா என்ற கேள்விக்கு, "எப்படித் தெரிந்துகொள்வது?" என்றாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

மதியம் ஃப்ராவ் பிராண்ட் கைகொடுத்தபோது, "முடிவை இன்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மகளை இன்றைக்குத்தான் சந்தித்தேன்" என்றார்.

திரும்பும்போது கொஸ்லார் நிலையத்தில் ரயிலுக்கு ஐம்பது நிமிடம் இருந்தது. இதே வழியில் வரப்போகிறவர்களுக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். டெர்மினுக்கு ஒரு ஊரை மட்டும் நம்பியிருக்காதீர்கள், தூர இடங்களிலும் கேளுங்கள். பிள்ளைகளுக்கான மருத்துவரிடம் பரிந்துரைச் சீட்டு வாங்கினால் மதிப்பீட்டுக்குக் காப்புறுதி கட்டும், பயணச் செலவும் தங்குமிடமும் எங்கள் விஷயத்தில் எங்கள் தலையில்தான். நாங்கள் இருவரும் மாதச் சீட்டில் போனதால் பிராந்திய ரயிலுக்குத் தனியாகக் காசு போகவில்லை. தங்குமிடத்தில் தரும் விருந்தினர் அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள், அதைக் காட்டினால் உள்ளூர் பஸ் இலவசம். டெர்மினுக்கு முதல் நாளே போய்த் தங்கினால் பிள்ளை களைக்காது, நாங்கள் அதைச் செய்யவில்லை. பலகாரம் கொண்டுபோகலாம், ஆனால் பிள்ளையின் கையில் கொடுத்து நீட்டச் சொல்லாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தயவுசெய்து சொல்லிக்கொடுக்காதீர்கள். வீட்டில், கதவு சாத்திய பிறகு, பிள்ளை எப்படி இருக்கிறதோ அதைப் போய்ச் சொல்லுங்கள். குடும்பத்து மானம் அதனால் போகாது. வீடு திரும்பி ஆறு வாரம் கழித்து எங்களுக்கு முடிவு வந்தது, ஓட்டிசம்தான். பள்ளியில் உதவியாளருக்கான விண்ணப்பமும் ஏற்கப்பட்டிருக்கிறது.

ஆனால் நான் இந்தப் பயணத்தை நினைக்கும்போதெல்லாம் நினைவில் வருவது ஹனோவரைத் தாண்டியதும் நடந்தது. வெளியே வெயில் வந்திருந்தது. தொலைபேசி அடித்தது, ரூபன். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"என்ன மாதிரி, பாஸோ?" அவருடைய குரலில் இரண்டு நாள் பதற்றம். "பிள்ளையிட்டக் குடும். குஞ்சு, என்ன கேட்டவை? சொல்லு பாப்பம்."

ஆரணி யன்னலில் இருந்து தலையை எடுக்கவில்லை. பிறந்ததில் இருந்து அப்பாவின் கேள்வி ஒன்றையும் அவள் பதில் இல்லாமல் விட்டதில்லை.

"அப்பா, எனக்கு இப்ப கதைக்க ஏலாது," என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு ரூபன் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

"என்னப்பா நடந்தது? இவள் என்னோட ஒருநாளும் இப்பிடிக் கதைச்சதில்லையே."

"ஓம்," என்றேன். "அதுதான் நடந்தது."