கல்குவாரியில் மறுவீடு

மண்ணைப் பற்றிப் படித்துவிட்டு, மண்ணே இல்லாத இடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். ராசிங்காபுரத்துக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்கும் சரிவில், கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. கல்லெல்லாம் லாரி ஏறிப் போனபின் மிச்சமிருந்தது பெரிய பள்ளமும் அதைச் சுற்றிலும் வெள்ளைப் பாறையும்தான். அங்கே பழையபடி காடு வளர்க்க வேண்டும். பாறையில் குழி போட்டு, கண்மாய் வண்டலை லோடு லோடாகக் கொண்டுவந்து நிரப்பி, உசிலை, குடைவேல், வெப்பாலை, ஆத்தி, நாவல் என்று கன்றுகளை நட்டோம். எல்லாம் இந்தச் சரிவில் முன்பு இருந்த மரங்கள். வேறு எதுவும் கூடாது என்பது நிபந்தனை.

நிபந்தனைக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி நின்றது. பங்குனியில் ஆய்வு அதிகாரி வந்து பார்த்து, இது நாட்டு மரக்காடுதான் என்று கையெழுத்துப் போட்டால், குவாரிக் குத்தகைக்காரர் ஐப்பசி மழை வரை லாரி அனுப்புவார். கையெழுத்து இல்லையென்றால் லாரி இல்லை. லாரி இல்லையென்றால் சித்திரை வெயிலில், சுடுகிற பாறைமேல், ஒரு கன்றுகூட மிஞ்சாது.

இதையெல்லாம் காவலுக்கு இருந்த அக்காவிடம் விளக்கமாகச் சொல்லியிருந்தேன். அக்கா பல வருஷம் இடுக்கிப் பக்கம் ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, முட்டிவலி வந்து கீழே இறங்கியவர். நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் எல்லாருக்கும் தலையாட்டுவார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

தை பிறந்ததும் கல்யாணங்கள் ஆரம்பித்தன. இப்போது போடியில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் ஒரு மரக்கன்று இருக்கிறது. வாங்கியவர்கள் வீட்டுக்குப் போனபிறகுதான் யோசிக்கிறார்கள், இதை எங்கே வைப்பது என்று. அப்புறம் யாரோ ஒருவர் சொல்லியிருக்கிறார்: குவாரியில் கன்று நடுகிறார்களாமே. மண்டபத்தில் மீந்த கன்றுகளைக் கல்யாண வீட்டாரே ஆட்டோவில் ஏற்றி அனுப்ப ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் உசிலை வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தபோது, நடுவில், பட்டுப்போன ஒரு கன்றின் குழியில், மஞ்சளும் சிவப்புமாக ஒரு குரோட்டன்ஸ் நின்றது. அதற்கு அடுத்து கொய்யா. அப்புறம் சப்போட்டா, குல்மோகர், பாக்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சி. குச்சியில் கன்றுப் பையிலிருந்து வெட்டியெடுத்த ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் மாலையும் கழுத்துமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும்.

"அக்கா, என்ன இது?"

"கல்யாண வீட்டுக் கன்னு பாப்பா. வேணாம்னு எப்படிச் சொல்றது? வாயில வருமா?"

வராதுதான். எனக்குமே வந்திருக்காது. அக்கா அதற்குள் கன்றுகளோடு உறவே கொண்டாடத் தொடங்கியிருந்தார். "டெய்லர் வீட்டுக் கல்யாணம் நல்லாத் தளுத்துருச்சு. பேக்கரி வீட்டு மாப்ளைதான் கொஞ்சம் சொணங்கிக் கெடக்காரு."

பேக்கரி வீட்டுக் கொய்யா சுணங்கிய செய்தி பெண்ணின் அம்மாவுக்கும் போயிருக்கிறது. அவர் தினமும் காலையில் தண்ணீர் பாட்டிலோடு வரத் தொடங்கினார். வந்ததும் இலையைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய் மகளுக்குப் போன் செய்து, "மாப்ள கூட எதும் சண்டையா?" என்று கேட்பார்.

ஆய்வுக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. வெளியேற வேண்டியவற்றை நான் எழுதிப் பார்த்தேன். பழமரங்கள் ஒரு பக்கம், அலங்காரச் செடிகள் ஒரு பக்கம், என்னவென்றே தெரியாதவை மூன்று. எழுதுவது எளிதாக இருந்தது. மறுநாள் அந்த அம்மாவிடம் சொன்னபோதுதான் கஷ்டம் தெரிந்தது.

"ஏம்மா, எங்க கொய்யாவ எதுக்கு வெளியேத்துறீக?"

"கொய்யா இந்த மலையோட மரம் இல்லம்மா. வெளிநாட்டுலருந்து வந்தது."

"யாரு சொன்னா? போடிச் சந்தையிலதான் வாங்குனோம்."

"கன்னு இல்லம்மா, அந்த மரத்தோட வம்சம். கப்பல்ல வந்தது."

"வந்து எத்தன காலமாச்சு?"

"சில நூறு வருஷம் இருக்கும்."

"சில நூறு வருஷமா இருக்கிறவள இன்னும் வந்தவ வந்தவங்கிறீக. என் மாமியாரே தேவல."

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் அன்றே வேலையை விட்டிருக்க வேண்டும்.

"அந்த மளிகைக்கடைக்காரக கல்யாணத்து நாவக்கன்னு மட்டும் உள்ளயே இருக்கு?"

"நாவல் இந்த ஊர் மரம்மா."

"அவுக கன்னு உள்ள, எங்க கன்னு வெளிய. சரி. ஆனா கல்யாணமான பிள்ளைய அனுப்புறதுன்னா நாளு கெழமை பாக்க வேணாமா? சும்மா பிடுங்கிக் கையில குடுத்தா எப்படி?"

அந்த இடத்தில்தான் எனக்கு யோசனை வந்தது. மறுவீடு. கல்யாணம் முடிந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் மரியாதையோடு அழைத்துக்கொண்டு போகிறோம் அல்லவா, அது மாதிரி இந்தக் கன்றுகளையும் அவரவர் வீட்டார் வந்து அழைத்துப் போகட்டும். ஆய்வு திங்கட்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு நல்ல நாள் என்று அக்கா காலண்டரில் பார்த்துச் சொன்னார். எல்லா வீட்டுக்கும் அவரே போன் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. தட்டுகளோடு வந்தார்கள். லட்டு, வாழைப்பழம், பூ. யாரோ போனில் நாதஸ்வரம் போட்டுவிட்டார்கள். நான் வேரோடு மண் உதிராமல் கன்றைப் பெயர்த்துப் பையில் வைத்துக் கொடுக்க, அக்கா அதற்குக் குங்குமம் வைத்து வழியனுப்பினார். டெய்லர் வீட்டுச் சப்போட்டாவுக்கு மட்டும் தகராறு.

"மறுவீடுன்னா பொண்ணு வீட்டுக்குத்தான்."

"கன்னு வாங்குனது மாப்ள வீடுல்ல?"

கடைசியில் பெண் வீட்டில் நடுவது, பழுத்தால் மாப்பிள்ளை வீட்டுக்குப் பாதி என்று முடிவானது. இவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பினால் மளிகைக்கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"எங்க கன்னுக்கு மட்டும் மறுவீடு கிடையாதா?"

"உங்க நாவல் இங்கயே இருக்கணும்ணே. அது வீட்டோட மாப்பிள்ளை."

கூட்டம் சிரித்தது. அவர் பின்னால் நின்ற நிஜ மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த மாப்பிள்ளை உண்மையிலேயே மாமனார் வீட்டில்தான் இருக்கிறார் என்று அக்கா பிறகு சொன்னார்.

அந்த நேரத்தில்தான் ஒரு ஜீப்பு மேலேறி வந்தது. இறங்கியவர் ஆய்வு அதிகாரி. போடியில் ஒரு கல்யாணத்துக்கு வந்தாராம். மறுபடி எதற்கு வருவது, இன்றே பார்த்துவிடலாம் என்று வந்துவிட்டாராம். நாதஸ்வரத்தையும் தட்டுகளையும் பார்த்தார்.

"கன்னு நட வந்தவங்களா?"

"இல்ல சார், எடுத்துட்டுப் போக வந்தவங்க."

அவர் என்னோடு வரிசை வரிசையாக நடந்தார். நகத்தால் பட்டையைக் கீறிப் பச்சை இருக்கிறதா என்று பார்த்தார். காலியான குழிகளை எட்டிப் பார்த்தபோது, உசிலை மாற்றி நடப் போகிறோம் என்றேன். ஜீப்புக்குத் திரும்பி, பானட்டில் படிவத்தை விரித்து, பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார்.

"ஒரு நிமிஷம்."

முன்சீட்டிலிருந்து ஒரு தாம்பூலப் பையை எடுத்தார். உள்ளே மகோகனிக் கன்று.

"காலையில கல்யாணத்துல குடுத்தாங்க. நான் இருக்கிறது மாடி வீடு. இங்க ஏதோ ஒரு குழியில வச்சிருங்கம்மா."

அக்காவின் இரண்டு கையும் தானாக நீண்டன. நான் வாங்கினால் அவர் கண் முன்னாலேயே நிபந்தனை உடைகிறது. வாங்காவிட்டால் பேனா மூடியபடியே போய்விடலாம். தண்ணீர் லாரி என் மனக்கண்ணில் தெரிந்தது, பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"வச்சிரலாம் சார்," என்றேன். "படிவத்துல வெளி மரம் ஒண்ணுன்னு எழுதிட்டீங்கன்னா போதும்."

அவர் படிவத்தைப் பார்த்தார். கன்றைப் பார்த்தார். கொய்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பேக்கரி அம்மா பின்னாலிருந்து சொன்னார்: "இந்தப் பிள்ளைகிட்ட நடக்காது சார். எங்க பொண்ணையே வெளிய அனுப்பிருச்சு."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகோகனியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, கையெழுத்தைப் போட்டார். ஐப்பசி வரைக்கும் தண்ணீர்.

"இதுக்கும் நாளு பாக்கணுமா?" என்று கன்றைக் காட்டி அக்காவிடம் கேட்டார்.

"இன்னைக்கே நல்ல நாளுதான் சாரே." அக்கா குங்குமம் வைத்து, பைக்குள் இரண்டு லட்டையும் போட்டுவிட்டார்.

ஜீப்பு சரிவில் இறங்கியது. முன்சீட்டில் மகோகனியின் தலை ஆடிக்கொண்டே போனது.

"மாடி வீடாம்ல," என்றார் அக்கா. "அவுக வீட்டம்மா என்ன சொல்லப் போகுதோ."