மேசை கேட்டுப் பாடிய வசைப்பாட்டு

கடல் கடந்து வந்து குடியேறிய அஜின்கோர்ட்டில் எங்கள் முதியோர் சங்கம் வருடத்துக்கு ஒரு முறை தாய்மொழி நாள் வைக்கும். மொழிக்கு ஒரு மேசை, அதன்மேல் ஒரு பெயர்ப்பலகை, ஒரு தட்டம் பலகாரம். தமிழ் மேசை என் பொறுப்பு. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் எனக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும். அதை மறைப்பானேன்.

எங்கள் கட்டடத்தில் கீழ்மாடியில் இருக்கும் தோழி ராஜஸ்தான்காரி, ஜோத்பூர்ப் பக்கம். உடைந்த ஆங்கிலத்திலேயே இருவரும் வருடக்கணக்காகக் கதைத்துப் பழகிவிட்டோம். அவளை எப்போதும் ஹிந்தி மேசையில்தான் இருத்துவார்கள். போன வருடம் தனக்கும் ஒரு மேசை வேண்டும் என்று கேட்டாள். ஹிந்தி பள்ளிக்கூடத்தில் படித்ததாம், தாய் தாலாட்டியது மார்வாரியில். அது ராஜஸ்தானியில் ஒரு கிளை. நீளமான சீலையில் வீரர் கதையைப் படமாய் எழுதி விரித்துவைத்துப் பாடுகிற மொழி, கண்ணன்மேல் பித்தான அரசி பாடிய மொழி என்று சொல்லச் சொல்ல அவள் கை தானாக ஆடும்.

சங்கத்தில் மேசைகளுக்குப் பொறுப்பாக இருந்த பெண் எங்கள் ஆட்களின் பிள்ளை, இங்கே பிறந்தவள். கணினியைப் பார்த்துவிட்டு, "சொறி அன்ரி, லிஸ்ற்றில அப்பிடி ஒரு லாங்வேஜ் இல்லை. உது ஹிந்திக்குள்ளதான் வருது," என்றாள்.

தோழியின் முகம் வாடிப்போனது. ஊரிலும் இதே கதைதானாம். அவர்களுடைய சட்டசபையே கேட்டும் டெல்லி அரசாங்கத்தின் மொழிப் பட்டியலில் இன்னும் ஏறவில்லை. இத்தனை தூரம் வந்தும் பட்டியல் விடவில்லையே என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளை, லிஸ்ற் எழுதினவை இவவைக் கேட்டோ எழுதினவை?"

அவள் சிரித்துவிட்டாள். அந்த மொழி பேசும் மூன்று பேரைக் கூட்டிவந்தால் அவர்கள் பேசுவதைக் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள்.

கோயிலில் ஓர் உதய்ப்பூர்க்காரி அகப்பட்டாள், பக்கத்து மில்லிக்கனில் ஒரு ஜெய்ப்பூர்க்காரி. மூவரும் என் வீட்டில் தேநீர் குடித்தபடியே சண்டை தொடங்கினார்கள். ஒருத்தி மார்வாரி என்றாள், மற்றவள் மேவாரி, மூன்றாமவள் டூண்டாரி; மூன்றும் ராஜஸ்தானியின் கிளைகள்தான். பலகையில் எதை எழுதுவது? என் மேசையில் மட்டக்களப்பாளும் மதுரையாளும் என்னோடுதான் இருக்கிறார்கள், யாருடைய தமிழ் நல்லது என்று ஒவ்வொரு வருடமும் பிடுங்குப்படுவோம், பலகை மட்டும் ஒன்றுதான் என்று நான் சொன்னேன். கொஞ்சம் அடங்கினார்கள்.

மூவரையும் அந்தப் பெண்ணுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். தங்கள் மொழியைக் காட்டத் தோழி கையைத் தட்டி ஒரு கலியாணப் பாட்டை எடுத்தாள். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். வரிகள் அங்கங்கே வேறு, மெட்டு ஒன்று. அந்தப் பெண்ணும் ஆசையாய்த் தாளம் போட்டுவிட்டுப் பாட்டின் பொருளைக் கேட்டாள்.

தோழி ஒளிக்காமல் சொன்னாள். மாப்பிள்ளையின் தங்கையே, உன் நடை ஒட்டக நடை, நீ சமைத்ததை நாயும் மோந்துவிட்டு ஓடும், உன் அண்ணனுக்குப் பெண் கொடுத்ததே பிழை. பெண்வீட்டார் மாப்பிள்ளைவீட்டாரை வைகிற பாட்டு!

பெண் தாளம் போட்ட கையை இழுத்துக்கொண்டாள். மேசை போயிற்று என்று நான் நினைத்தேன்.

பக்கத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த ஹிந்தி மேசைக் கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். தங்கள் பக்கமும் இப்படி வைவார்களாம், வையாவிட்டால்தான் சம்பந்திக்குக் கோபம் வருமாம். சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "ஆனால் இது ஹிந்தி இல்லை, மகளே. எனக்குப் பாதி விளங்கவில்லை."

அந்தப் பெண் ஒரு வெள்ளை அட்டையை எடுத்து, எழுத்துக்களைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். பெரிதாக ராஜஸ்தானி. கீழே மூன்று கிளைகளின் பேர்களும், ஒரே அளவில். சிறிதாய் இருந்தால் அங்கேயும் சண்டை வரும் என்று நான்தான் சொன்னேன்.

தாய்மொழி நாளன்று அவர்களுடைய மேசை என் மேசைக்குப் பக்கத்தில். வந்தவர் போனவர் எல்லோரையும் வைது பாடினார்கள். என்னை மட்டும் விட்டுவிட்டார்கள். மத்தியானம்வரை பொறுத்தேன்.

"என்னை ஏன் விட்டனீங்கள்? நான் என்ன பிறத்தியாளே?"

ஆங்கிலத்தில் கேட்க மறந்து தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவர்களுக்கு விளங்கிவிட்டது. மூவரும் எழுந்து வந்து, மூக்குப் பெரிது, அதில் மூக்குத்தியைத் தேடத்தான் வேண்டும் என்று பாடிப் பொருளும் சொன்னார்கள். ஆளுக்கு இரண்டு வடை கொடுத்தேன்.