கம்பியில் குத்திய ரசீதுகள்

ஊரில் நமக்கு இருந்த வீடு எப்படிக் கைவிட்டுப் போயிற்று என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எழுதிப் பார்க்கிறேன். எனக்கே இன்னும் முழுதாக விளங்காத விஷயம் அது.

எளாவூர் பக்கத்தில் எங்கள் நைனாவுக்கு, அதாவது உங்கள் தாத்தாவுக்கு, கொஞ்சம் நெல் நிலம். கிணற்றை ஆழப்படுத்தி மோட்டார் போட ஆசைப்பட்டு, ரைஸ் மில்காரரிடம் வீட்டின் பேரில் பணம் கேட்டார்.

"அடமானம்னு எழுதினா ஆயிரம் சட்டம் பேசுவானுங்க. கிரயம்னு எழுதிக்கலாம். டப்பு வந்த அன்னிக்கே ஊட்ட திருப்பி எழுதிக் குடுத்துடறேன். நான் இன்னா ஓடியா போயிடப் போறேன்?" என்றார் மில்காரர்.

எங்கள் பக்கம் அப்போது பலரும் அப்படித்தான் எழுதினார்கள். பத்திரத்தில் வீட்டை விற்றதாக இருக்கும்; வாய்ப்பேச்சில் அடமானமாக இருக்கும். நைனா கையெழுத்துப் போட்டார்.

தோண்டிய கிணற்றில் உப்புத் தண்ணீர்தான் ஊறியது. அசலைக் கட்ட வழியில்லை. வட்டியை மட்டும் மாதம் தவறாமல் கட்டினோம். மில்காரரும் தவறாமல் ரசீது தருவார். எட்டாவது வரை படித்தவன் என்பதால் அதைப் படித்துச் சொல்வது என் வேலை. முதல் ரசீதிலேயே 'வீட்டு வாடகை' என்றிருந்தது. மில்காரரிடம் கேட்டேன்.

"வட்டின்னு எழுதினா எனக்கும் பேஜாரு, உங்களுக்கும் பேஜாரு. எப்படி எழுதினா இன்னாப்பா, குடுத்தது குடுத்ததுதானே?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. நைனா அந்த ரசீதை ஒரு கம்பியில் குத்தி உத்தரத்தில் மாட்டினார்.

சில வருஷம் போனது. சிறு விவசாயிகளின் கடனுக்குச் சர்க்கார் நிவாரணம் கொடுக்கிறது, கடனுக்காக வீட்டைப் பிடுங்க முடியாது என்று டீக்கடை ரேடியோவில் கேட்டு வந்தேன். நைனா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். பத்திர நகலோடும் ரசீதுக் கம்பியோடும் இருவரும் பொன்னேரி தாலுகா ஆபீசுக்குப் போனோம்.

குமாஸ்தா பத்திர நகலைப் படித்தார்.

"இது கடன் இல்லையே பெரியவரே. நீங்க ஊட்ட வித்துட்டீங்க."

"விக்கல சார். வட்டி கட்டிக்கினு கீறேன்."

"வட்டி கட்டினதுக்கு எதுனா அத்தாட்சி கீதா?"

நைனா முகம் மலர்ந்து கம்பியைத் தூக்கிக் காட்டினார். "ஒண்ணு கூட உடல சார். பாருங்க."

குமாஸ்தா நாலைந்து ரசீதைப் புரட்டினார். கெட்டவர் இல்லை, குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"அத்தனையும் வாடகை ரசீது. வித்த ஊட்ல நீங்க குடியிருக்கீங்கன்னு மாசாமாசம் நீங்களே சாட்சி சேத்து வெச்சிருக்கீங்க. கடனுக்குத்தான் சட்டம். வேணும்னா கோர்ட்டுக்குப் போய்ப் பாருங்க."

கோர்ட்டுக்குப் போக எங்களிடம் என்ன இருந்தது?

திரும்பும் பஸ்ஸில் நைனா கேட்டார்: "நீ படிச்சப்போ வாடகைன்னா படிச்ச?"

"ஆமா நைனா."

"எங்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"நானும் கேட்டுக்கினுதான இருந்தேன்?"

ரசீது வாங்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்போமா? அப்போது கட்டியதற்கே சாட்சி இல்லாமல் போயிருக்கும். இன்றுவரை யோசிக்கிறேன்.

அடுத்த மாதம் மில்காரர் வந்தார். தாலுகா ஆபீசுக்குப் போனது அவருக்குத் தெரிந்திருந்தது. "நான் காலி பண்ணவா சொன்னேன்? இருந்துக்கினு இருங்க," என்றார். அதே தொகை, அதே ரசீது. நேற்றுவரை சொந்த வீடு, இன்று வாடகை வீடு. அதே சுவர், அதே கதவு. எது மாறியது என்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கூரையில் ஓடு உடைந்தபோதுதான், மாற்றலாமா என்று நைனா மில்காரரைக் கேட்கப் போனார்.

மில்காரர் வந்த அன்று தந்த ரசீதையும் நைனா என்னைப் படிக்கச் சொன்னார். 'வீட்டு வாடகை' என்று படித்தேன். வாங்கி, கம்பியில் குத்தினார்.

"இன்னும் எதுக்கு நைனா?"

"பின்ன எங்கடா வெக்கறது?" என்றார்.