பாட்டை நிறுத்தியவன்

எண்பதுகளின் பிற்பாதி. குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது. நான் அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். மெட்ராசிலிருந்து நான்கு பையன்கள் கொண்ட ராக் இசைக்குழு ஒன்று வந்தது. ஒரே ஒரு இங்கிலீஷ் பாட்டைத் தனி இசைத்தட்டாகப் போடப் போகிறார்களாம். அதை டிவியில் காட்டுவதற்கு, தண்ணீருக்கு நடுவே நின்று படம் பிடிக்க வேண்டுமாம். அனுமதிக் கடிதத்தை டைப் அடித்தவன் என்பதால் கூடப் போகும் வேலையும் என் தலையில் விழுந்தது.

“எவனுக்காவது ஏதாச்சும் ஆச்சுன்னா நீருதான் பதில் சொல்லணும், பாத்துக்கிடும்” என்றார் அதிகாரி.

அன்று காலை, நான் குடியிருந்த தென்காசியிலிருந்து பஸ்ஸில் வரும்போதே மலை தெரியவில்லை. மேகம் மூடிக் கிடந்தது. மேலே மழை கொட்டினால் கீழே ஓடையில் திடீரென்று வெள்ளம் வரும். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டேன். தண்ணீரின் குணம் அவருக்குத்தான் தெரியும்.

ஐந்தருவிப் பக்கம் ஆட்கள் அதிகம் வராத ஓர் ஓடை. நடுப்பாறையில் டிரம்ஸை ஏற்றி வைத்தார்கள். கிட்டார்களில் ஒயரே இல்லை. ஜெனரேட்டரில் ஓடிய டேப்பிலிருந்துதான் பாட்டு வந்தது. பையன்கள் அதற்குத் தக்கபடி வாயசைத்துத் தலைமுடியைச் சிலுப்பினார்கள். ஓடையின் இரைச்சலை அமுக்க வேண்டும் என்று, படம் பிடிக்க வந்த டைரக்டர் ஸ்பீக்கர் சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்திருந்தார். பாறையில் உட்கார்ந்தால் முதுகுத்தண்டு அதிர்ந்தது. மூன்றரை நிமிஷப் பாட்டு, திரும்பத் திரும்ப. நான் மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது முறையோ ஏழாவது முறையோ, எண்ணெய்க்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கிக் காதருகே கத்தினார்.

“அண்ணாச்சி, தண்ணி நெறம் மாறுது. சருகு அடிச்சிட்டு வருது. ஆளுகள வெளிய கூப்பிடுங்க!”

ஓடை கலங்கிச் செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. கரையோரம் ஓடிக் கைகளை ஆட்டினேன். பாடகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் ஆடுகிறேன் என்று நினைத்திருப்பான். டைரக்டரோ, படத்துக்குள் வராதே, தள்ளிப் போ என்று சைகை காட்டினார். வேறு வழி தெரியவில்லை. திரும்பி ஓடி ஜெனரேட்டரை நிறுத்தினேன்.

பாட்டு அறுந்தது. “யாருய்யா அது?” என்று டைரக்டர் கத்தி முடிப்பதற்குள், மேலே காட்டுக்குள்ளிருந்து வந்த வெள்ளத்தின் உறுமல் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. பாடகன் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

மூன்று பேர் பாய்ந்து கரையேறினார்கள். டிரம்ஸ் அடித்த பையன் மட்டும் கனத்த டிரம்மைக் கட்டிப் பிடித்தபடி நின்றான்.

“ஏலே, அத விடுலே! உசிரு முக்கியமா, கொட்டு முக்கியமா?” எண்ணெய்க்காரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவன் கையைப் பற்றினார். நான் அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் கரையேறிய கொஞ்ச நேரத்தில் பாறையைக் காணோம். டிரம்ஸும் போயிற்று.

டைரக்டர் மிச்சச் சாமான்களை வண்டியில் ஏற்றச் சொன்னார். போகும்போது என் பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். புகார் வரும், வேலை போகும் என்று இரண்டு மாதம் தபால்காரரைக் கண்டாலே எனக்கு வியர்த்தது. ஒன்றும் வரவில்லை.

பிறகு ஒருநாள் சாயங்காலம், தென்காசியில் பக்கத்து வீட்டு டிவியில் அந்தப் பாட்டு ஓடியது. பாதிக்கு மேல் ஏதோ ஒரு மொட்டை மாடியில் எடுத்திருந்தார்கள். ஓடை அங்கங்கே துண்டு துண்டாக வந்தது. நடுவில், பாடகன் திரும்பிப் பார்க்கும் அந்த முகம். ஜெனரேட்டர் நின்ற பிறகும் கேமரா ஓடியிருக்கிறது; அதை வெட்டாமல் வைத்துவிட்டார்கள்.

“என்னமா நடிக்கான் பாரும்!” என்றார் அந்த வீட்டுக்காரர்.

நான் எழுந்துவிட்டேன். பாட்டு முடியும்வரை வாசலில் போய் நின்றேன்.