அக்காவின் கட்டிலுக்கு மேல் ஒரு பென்சில் கோடு

எட்டு மாத வயிற்றோடு ஜெனி அக்கா எங்கள் வீட்டு ஹாலில் படுத்திருந்தாள். அவளுக்கு நேர் மேலே, மொட்டை மாடியில், ஆயிரத்து ஐந்நூறு செங்கல். அங்கே அடுக்கச் சொன்னது நான். இரண்டுக்கும் நடுவே, ஹால் மூலையில் ஒரு விரிசல். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன நவம்பரில் எனக்கிருந்த பயத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் கோவில் இளைஞர் குழுவில் எழுந்து பேசச் சொன்னால் ஜோக் அடித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிற கேஸ் நான். அதனால் டைப் அடிக்கிறேன். பிழை இருந்தால் மன்னியுங்கள், விஷயத்தைப் பிடியுங்கள்.

எங்கள் வீடு மயிலாப்பூரில், கடல் பக்கம், சந்துக்குள் சந்து. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு கிச்சன், முன்னால் அப்பாவின் ஸ்கூட்டர் நிற்கிற போர்டிகோ. தலைப்பிரசவத்துக்கு அக்கா வந்ததும் ஹால் கட்டில் அவளுக்குப் போனது. நான் கிச்சன் வாசலில் பாய் போட்டேன். தினமும் அம்மா என்னைத் தாண்டித்தான் பால் காய்ச்சப் போவார். குழந்தை வந்தால் தொட்டில் எங்கே? அத்தான் வந்தால் எங்கே உட்காருவார்?

"மாடில ஒரு ரூம் போட்டுடலாம்ப்பா" என்றேன்.

அப்பா முகம் பல்பு மாதிரி எரிந்தது. வீடு கட்டும்போதே, பின்னால் மாடி எடுக்கலாம் என்று நாலு மூலையிலும் பில்லர் கம்பிகளை நீட்டி விட்டிருந்தார். இருபது வருஷமாக அதில் கொடி கட்டித் துணி காயப்போட்டோம். கிறிஸ்துமஸ் வந்தால் ரோட்டுப் பக்கத்துக் கம்பியில் ஸ்டார் கட்டுவோம். அவ்வளவுதான் அந்தக் கம்பிகளுக்கு வேலை.

நான் பி.இ. சிவில். நாலு அரியரோடு தட்டுத்தடுமாறி முடித்தவன். அரியர் கதை வீட்டில் தெரியாது. "வெளி இன்ஜினியர் எதுக்குப்பா? நான் எதுக்கு இருக்கேன்?" என்று சீன் போட்டேன். பெயிண்ட் கலர் வரைக்கும் லேப்டாப்பில் காட்டினேன். பில்லர் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. அனுமதிக்கு எழுதிப் போட்டிருந்தோம். அது வருவதற்குள் கல்லை ஏற்றிவிடலாம் என்று அவசரப்பட்டதும் நான்தான்.

ஏழுமலை மேஸ்திரி கேட்கவே செய்தார். "இன்னா தம்பி, இம்மாங் கல்லையும் ஒரே எடத்துல அடுக்கிக்கினு கீறோம். பழைய தளமாச்சே, தாங்குமா?"

"நான் சிவில்ணே. தாங்கும், அடுக்குங்க."

"இன்ஜினியரே சொல்லிட்டாரு. நமக்கு இன்னா."

மூன்றாம் நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே மேலே பார்த்தேன். அக்கா கட்டிலுக்கு மேலே, மூலையில், மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

காலேஜில் நான் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான். விரிசல் முடிகிற இடத்தில் ஒரு பென்சில் கோடு போடு. அதைத் தாண்டினால் ஆபத்து. ஸ்டூல் போட்டு ஏறிக் கோடு போட்டேன். "ஆண்டவரே, இதைத் தாண்டக் கூடாது. ப்ளீஸ்" என்று செபித்தேன்.

இரண்டு நாள் தாண்டவில்லை. அடுத்த நாள், ஒரு நகத்தின் அகலம் தாண்டியிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ரப்பரை எடுத்துப் பழைய கோட்டை அழித்தேன். புது முனையில் புதுக் கோடு போட்டேன். அதே செபத்தை மறுபடி சொன்னேன். மூன்று தடவை இப்படி. கடவுளிடமே ஆன்சர் பேப்பரைத் திருத்திக் கொடுத்தவன் நான்.

"இன்னாடா, தினம் சுவத்துக்குப் பொட்டு வெக்கிற?" என்றாள் அக்கா.

"லெவல் பாக்குறேன்க்கா."

"பாரு பாரு. எங்க வீட்டு இன்ஜினியர்னு மாமியார் வீடு ஃபுல்லா சொல்லி வெச்சிருக்கேன். மானத்த வாங்கிடாத."

சிரித்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சோறு இறங்கவில்லை. வேலை தி.நகரில். வீட்டிலிருந்து போன் வந்தால் போதும். அம்மா "வரும்போது கறிவேப்பில வாங்கிட்டு வா" என்பதற்குள் எனக்கு உயிர் போய் வரும். ஒரு மாலை பஸ்ஸை விட்டு இறங்கிக் கோவிலுக்குள் போய், மாதா முன்னால் முட்டி போட்டேன். "அக்காவுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. யாருக்கும் தெரியவும் கூடாது." இதுதான் என் செபம், வார்த்தை மாறாமல்.

அந்த இரண்டில் ஒன்றைத்தான் ஆண்டவர் தந்தார்.

கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னே தொடங்கும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை. சாப்பிட்டுப் படுத்திருந்தேன். "டேய் ஆல்வின், இன்னைக்கே ஸ்டார கட்டிட்டு வாடா, நாளைக்குப் பூசை" என்று அம்மா விரட்டினார். அப்பா ஸ்டாரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் விரிசலுக்கு நேர் மேலே இருந்த மூலைக் கம்பியில் ஒயரைச் சுற்றி, இறுக்க ஒரு இழு இழுத்தேன்.

கம்பி கையோடு வந்துவிட்டது. வளையவில்லை. அடியில் முறுக்கு மாதிரி உடைந்து, ஒரு கை கான்கிரீட்டையும் பெயர்த்துக்கொண்டு வந்தது.

"என்னடா இது?" என்றார் அப்பா.

"சும்மா துருப்பா" என்கிற வார்த்தை நாக்கு நுனியில் ரெடியாக இருந்தது. வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். விரிசல், பென்சில், ரப்பர். கேட்காமலே நாலு அரியரும் வெளியே வந்தது.

அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. ஸ்டாரைக் கீழே வைத்துவிட்டு மடமடவென்று படியிறங்கினார். "ஜெனி, எழுந்திரும்மா. செருப்பப் போடு."

சத்தம் கேட்டு எதிர் வீட்டு மாமி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். "ஒண்ணும் சொல்ல வேண்டாம். கொழந்த பொறக்கற வரைக்கும் வேணும்னாலும் அவ எங்காத்துலயே இருக்கட்டும்" என்று அக்காவின் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

நான் இளைஞர் குழுவுக்கு மெசேஜ் போட்டேன். அரை மணி நேரத்தில் பதினாலு பேர். தளத்தில் கூட்டம் போடாமல், மாடிப்படி முழுக்க வரிசையாக நின்று, கைக்குக் கை கல்லை இறக்கினார்கள். "மச்சி, நாலு அரியரா? சொல்லியிருந்தா பார்ட்டி வெச்சிருப்போமே" என்று ஒருத்தன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நான் கல் வாங்கிக்கொண்டே அழுதேன். தெரு விளக்கு எரிவதற்குள் மாடி காலி.

மறுநாள் பூசை முடிந்து ஸ்டெஃபி அக்கா வந்தார். அடையாறில் கட்டட இன்ஜினியர், எங்கள் பாடகர் குழுவில் பாடுகிறவர். மூலைப் பில்லரைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். டொக் டொக் என்று உள்ளே வெற்றிடம் இருப்பது போலக் கேட்டது. பூச்சைப் பெயர்த்தால், உள்ளே கம்பி டீயில் ஊறின பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

"மொட்டைக் கம்பிய இத்தன வருஷம் கடல் காத்துல நிக்க வெச்சா, துரு அப்படியே கீழ எறங்கும்டா."

"கல்லு இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தா?"

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "உங்கக்கா எங்க?" என்று கேட்டார்.

"எதிர் வீட்ல."

"நல்லது. அங்கயே இருக்கட்டும்."

மாடி ரூம் கிடையாது, முதலில் பில்லரை முட்டுக் கொடுத்துச் சரி பண்ணு என்றார். இடம் வேண்டுமென்றால் தரையிலேயே இருக்கிறதே என்று போர்டிகோவைக் காட்டினார். நாங்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம், வாசலைப் பார்க்கவில்லை. அப்பா அன்றைக்கே ஸ்கூட்டரைத் தெருவுக்கு நகர்த்தினார். அதே செங்கல், அதே ஏழுமலை மேஸ்திரி. இந்த முறை அவர் "தாங்குமா?" என்று கேட்டபோது, "எனக்குத் தெரியாதுண்ணே, ஸ்டெஃபி அக்காவக் கேளுங்க" என்றேன். பத்துக்கு எட்டு. ஜன்னல் வைத்த அழகான ரூம்.

ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். ஆண்டவருக்கு நன்றி.

உடைந்த கம்பி இப்போது எங்கள் வீட்டு மாதா பக்கத்தில் இருக்கிறது. "துருவ எங்க கொண்டாந்து வெக்கிறான் பாரு" என்று அம்மா முதலில் கத்தினார். இப்போது அவரே துடைத்து வைக்கிறார். இது நான் அரியரை முடித்த கதை இல்லை, அது முன்னாலேயே முடிந்துவிட்டது. ஆனால் "தெரியாது" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். எனக்கு அதுதான் பெரிய பாஸ்.

உங்கள் வீட்டிலும் யாரோ எதையோ ரப்பர் வைத்து அழித்துக்கொண்டிருக்கலாம். செபியுங்கள், கேட்கப்படும், நான் கேரண்டி. ஆனால் பதில் உங்கள் கையிலேயே உடைந்து வந்தால் ஒளிக்காதீர்கள், பக்கத்தில் நிற்கிறவரிடம் காட்டுங்கள். இந்த வருஷ ஸ்டாரைப் புது ரூமின் ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறோம். ஏணி வேண்டாம், கைக்கே எட்டும். அக்கா குழந்தை தொட்டிலிலிருந்து அதைப் பார்த்துச் சிரிக்கிறது. மேலே தளத்தில் ஒரு பாரமும் இல்லை.