டம்ளரைத் தட்டிய எட்டு மாதங்கள்

காலை பத்து மணி ஐந்து நிமிடம். கோட்டாற்றில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு. கோட் போட்ட ஒருவர் கைகட்டிச் சிரிக்கிறார். அவர் காலடியில் ஒரு பட்டியல்: குடிப்பழக்கம், தேர்வு பயம், காதல் தோல்வி, பெண் தன்மை — நூறு சதவீதத் தீர்வு!

குடிப்பழக்கத்துக்கும் பெண் தன்மைக்கும் ஒரே கடையில் மருந்து.

என்னோடு வந்தவர்கள் இருவர். அருமனையில் எங்கள் பக்கத்து வீட்டு லில்லி அக்கா. அவருடைய இளைய பிள்ளை ஷெரின், வயது இருபத்திரண்டு. பிறந்தபோது ஆண் என்று எழுதி, ஜெபின் என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 'நான் பெண், என் பெயர் ஷெரின்' என்று அவள் வீட்டில் சொல்லி எட்டு மாதம். அன்றிலிருந்து அம்மா அவளிடம் பேசுவதில்லை.

ஷெரினின் தோளில் பெரிய பை. அன்று மாலை பெங்களூர் பஸ். திரும்பி வரும் எண்ணம் இல்லை. சபையில் யாரோ சொன்ன இந்தக் கவுன்சிலரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அக்கா என் மூலம் சொல்லி அனுப்பியதால் வந்திருந்தாள். "நீங்க ரெண்டுபேரும்தான் திரும்பிப் போவிய" என்று காலையிலேயே என்னிடம் சொல்லிவிட்டாள்.

உள்ளே சுவர் நிறைய ஃப்ரேம் போட்ட சான்றிதழ்கள். காத்திருந்த நேரத்தில் படித்துப் பார்த்தேன். பெரும்பாலானவை இரண்டு நாள் பயிற்சி. ஒன்று, கராத்தே.

கோட்டுக்காரர் ஷெரினைப் பார்க்கவே இல்லை. அக்காவிடம் கேட்டார்:

"வயித்துல இருக்கும்போது பொம்பளப் பிள்ளைக்கு ஆசைப்பட்டீங்களாம்மா?"

"ஆமா சார்... மூத்தது பையன். அதனால..."

அவர் தலையாட்டினார். படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் எதையோ எழுதினார். குற்றவாளி சிக்கிவிட்டார் அல்லவா? அக்காவுக்குக் கண் நிறைந்தது.

"ஆறு சிட்டிங். தம்பி ஜிம்முக்குப் போகணும். அப்புறம் ஒரு நல்ல பொண்ணாப் பாத்து முடிச்சிருங்க."

அந்த நல்ல பொண்ணுக்கு எத்தனை சிட்டிங் என்று அவர் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் ஷெரின் சிரித்தாள். "இவரு பரவால்ல. போன மாசம் ஸ்கைப்புல இன்னொரு கவுன்சிலர் கிட்ட பேசினேன். ரொம்ப மாடர்ன்." அவர் அனுப்பிய அறிவுரைத் தாளை எடுத்துக் காட்டினாள். முழுக்க ஆங்கிலம். உன்னை ஏற்காதவர்களை விட்டு விலகு, உன் எல்லைகளை வரைந்துகொள், வாரம் ஒருமுறை உன்னையே கொண்டாடு. அருமனையில் எதை வைத்துக் கொண்டாடுவது? அந்தத் தாளில் அம்மா என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. பெங்களூர் டிக்கெட் அந்தத் தாளின் வேலை.

ஒருவருக்கு ஷெரின் நோய். இன்னொருவருக்கு லில்லி அக்கா நோய். இரண்டு பேரும் நிபுணர்கள்!

எனக்குத் தெரிந்த ஒரு மனநல ஆலோசகர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரி. வீட்டின் முன்னறைதான் ஆலோசனை அறை. போர்டு கிடையாது. "இவ்வளவு தூரம் வந்தாச்சு, அங்கேயும் எட்டிப் பார்ப்போம்" என்று, ஆலோசகருக்குப் போனில் வீட்டு விஷயம் முழுவதையும் சொல்லிவிட்டு, இருவரையும் கூட்டிப்போனேன்.

"வா ஷெரின், இரி" என்றார் அவர். அவ்வளவுதான். பெயரைச் சொல்ல அவருக்கு ஒரு பயிற்சியும் தேவைப்படவில்லை.

அக்கா உட்கார்ந்ததுமே அழுதார். "நானாக்கும் காரணம். பொம்பளப் பிள்ளைக்கு ஆசைப்பட்டேன்."

"எனக்க அம்ம ஆம்பிளப் பிள்ள வேணும்னு வேளாங்கண்ணி வரைக்கும் நடந்தா. நானாக்கும் பெறந்தேன்."

அக்கா அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தார்.

"அது கெடக்கட்டும். எட்டு மாசமா பிள்ளைய சோத்துக்கு எப்பிடிக்கா கூப்பிடுவிய?"

"கூப்பிடல்ல. தட்டு வச்சிட்டு டம்ளரத் தட்டுவேன்."

"மாட்டுக்குக்கூட பேரு உண்டு எங்க வீட்ல" என்றாள் ஷெரின், ஜன்னலைப் பார்த்தபடி.

"பழைய பேரச் சொன்னா பிள்ள அழுவுது. புதுப் பேரு எனக்க வாயில வராது. நான் என்ன செய்ய?"

"மூத்தவன் துபாயிலிருந்து போன் பண்ணினா என்ன சொல்லுவிய?"

"மக்களேன்னு."

"அவனுக்க பெண்டாட்டிய?"

"அவளையும் மக்களேன்னுதான்."

"இவள?"

அக்கா ஷெரினைத் திரும்பிப் பார்த்தார்.

நம் மாவட்டத்தில் மகனுக்கும் மக்களே, மகளுக்கும் மக்களே. காய்கறிக்காரி உங்களையும் என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். இதைக் கண்டுபிடிக்கச் சான்றிதழ் வேண்டாம். ஊரில் காது கொடுத்து வாழ்ந்தால் போதும். காதுக்குத்தான் யாரும் ஃப்ரேம் போடுவதில்லையே...

ஆலோசகர் ஷெரின் பக்கம் திரும்பினார். "உனக்க பேரு ஷெரின். அதுல பேச்சே இல்ல. அம்மைக்க வாயில அது வரதுக்கு நாளாவும். காத்திருக்கதும் போறதும் உனக்க இஷ்டம்." பிறகு அக்காவிடம்: "ஆனா அக்கா, டம்ளர் இனி கூடாது."

பஸ் ஸ்டாண்டுக்கு மூவரும் நடந்தோம். அருமனை பஸ் வந்தது. அக்கா படியில் ஒரு கால் வைத்தார். திரும்பினார். கையை நீட்டினார்.

"மக்களே... பைய இங்க தா. தோளு வலிக்கும்."

ஷெரின் உடனே கொடுக்கவில்லை. பஸ் டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

தோட்டியோடு என்ற ஊரைத் தாண்டியதும் கண்டக்டர் வந்தார். லில்லி அக்கா மூன்று டிக்கெட் எடுத்தார்.